புதுப்பட்டையும் விழித்திரைத் தழும்பும்

(பலாபத்வலயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கண்ணைப் பற்றிப் பேச வேண்டும், பேசுவது எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். வைத்தியர் கூட்டங்களில் நாங்கள் திரையில் படம் காட்டித்தான் பேசுவோம். இன்று படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்ல வருவதை விளக்கும் படம் மாத்தளை மாவட்டத்து இறப்பர் மலைகளில் வரிசை வரிசையாக நிற்கிறது.

பால் வெட்டியவர்களுக்குத் தெரியும். விடியுமுன் மலைக்குப் போய், மரத்தில் சரிவாக ஒரு மெல்லிய சீவல் எடுக்க வேண்டும். கத்தி மேல்பட்டையை வெட்டலாம். பால் ஓடும் நுண்குழாய்கள் உள்ள உட்பட்டையையும் வெட்டலாம். அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டினாற்போல் வழுவழுப்பான ஒரு மெல்லிய படை இருக்கிறது. அதைத் தொடக்கூடாது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் அதற்கு மாறிழையம் என்று பெயர். அதன்மேல் ஒரு மில்லிமீற்றர் அளவு பட்டையை விட்டுவைத்து வெட்டுகிறவர்தான் கைத்தேர்ச்சி உள்ளவர். அப்படி விட்டுவைத்த இடத்தில் சில வருடங்களில் புதுப்பட்டை மூடும். மறுபடியும் கத்தி வைக்கலாம். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சும் புடைப்புமாகக் காய்த்துப் போகும். அடுத்த தலைமுறை வெட்டுக்காரரின் கத்தியும் அங்கே ஓடாது.

1876ஆம் ஆண்டு இறப்பர் நாற்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலில் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அந்த மரத்தைச் சாகடிக்காமல் ஆண்டுக்கணக்காகப் பால் எடுப்பது எப்படி என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தித்தான் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஹென்றி ரிட்லி, 1890களில், ஒரே வெட்டின் விளிம்பை மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே போகும் முறையைக் காட்டினார். உள்ளே இருக்கும் அந்தப் படையைக் காப்பாற்றியதால் மரம் தன் பட்டையைத் தானே மீட்டுக்கொண்டது. ஒரு காயம் ஆறும் விதத்தைப் புரிந்துகொண்டதில் ஒரு முழுத் தொழில் நிலைபெற்றது. அந்தத் தொழிலில்தான் என் பெரியப்பாவின் வாழ்க்கை ஓடியது.

பெரியப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒருநாள் இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் போல் வெட்டி வெட்டி மறைகிறது என்றார். இரண்டு நாளில், அடுப்புச் சாம்பல் பறப்பது போல் கறுப்புத் துகள்கள். பிறகு மூக்கோரத்திலிருந்து ஒரு நிழல் திரை மாதிரி ஏறியது. வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் அவசரப்படவில்லை. "கண்ணுல பொறை விழுந்திருக்கும், தீவாளி முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து கழன்று தொங்கியது. சத்திரசிகிச்சை செய்து ஒட்டினார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி கழன்றது. இரண்டாம் முறை ஒட்டினார்கள். அதுவும் நிற்கவில்லை. அந்தக் கண் அணைந்துபோனது.

பஸ்ஸில் அவருக்குத் துணையாகப் போய்வந்த பாடசாலைப் பிள்ளை நான். திரும்பி வரும் வழியில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஒட்டுனது ஏன் புள்ள மறுபடி கழண்டுச்சு?"

இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்.

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மிக மெல்லிய இழையம். தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான். வெங்காயச் சருகை நினைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒளியை வாங்கும் கோல் கலங்கள் சுமார் 10 கோடி, நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்புக் கலங்கள் 50, 60 இலட்சம். அவை வாங்கியதை இடையிலுள்ள நரம்புக் கலங்கள் பகுத்து, கடைசிப் படையிலுள்ள கலங்கள் சுமார் 10 இலட்சம் இழைகளாகத் திரட்டி மூளைக்கு அனுப்புகின்றன. அந்த இழைக்கட்டுதான் பார்வை நரம்பு. உண்மையில் விழித்திரை மூளையின் ஒரு துண்டுதான். கருவில் மூளையிலிருந்து புடைத்து வந்து கண்ணுக்குள் குடியேறிய துண்டு.

இந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு வகைக் கலம் நிற்கிறது. அது பார்ப்பதில்லை, செய்தி அனுப்புவதில்லை. பந்தலுக்குக் கால் நட்டது போல விழித்திரையின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை நீண்டு நின்று, பக்கத்திலுள்ள நரம்புக் கலங்களுக்கு உணவு கொடுக்கிறது, அவற்றின் கழிவை வாங்குகிறது, உப்பையும் நீரையும் சரிபார்க்கிறது. 1851இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரத்தில் ஹைன்ரிஷ் முல்லர் என்ற உடற்கூற்றியலாளர் இதை விவரித்தார். அதனால் முல்லர் கலம் என்று பெயர். நீண்ட காலம் இதை வெறும் முட்டுக்கால் என்றே நினைத்தார்கள். 2007இல் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், இந்தக் கலங்கள் கண்ணாடி இழைபோல ஒளியைச் சிதறாமல் ஏந்தி, அடியிலுள்ள கோல்களுக்கும் கூம்புகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்று காட்டினார்கள். அதைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை வருடம் நுணுக்குக்காட்டியில் பார்த்த கலத்துக்கு அன்றுதான் நான் மரியாதை கொடுத்தேன்.

விழித்திரை காயப்பட்டால் முதலில் விழித்துக்கொள்வதும் இந்த முல்லர் கலந்தான். மீனிலும் அப்படி, கோழியிலும் அப்படி, எலியிலும் அப்படி, நம்மிலும் அப்படி. அதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன.

நம் கண்ணில் நடப்பதை முதலில் சொல்கிறேன். அடி, கிழிசல், இரத்தக்கசிவு, கழலுதல், எதுவானாலும் முல்லர் கலம் வீங்கிப் பருக்கிறது. உள்ளே இழைப் புரதங்களை அடுக்கி விறைத்துக்கொள்கிறது. பக்கத்து நரம்புக் கலங்கள் இறந்து வெறுமையான இடத்தில் தன் கைகளை நீட்டி அடைக்கிறது. இதுதான் விழித்திரைத் தழும்பு. இதில் ஒரு நன்மை இருக்கிறது. ஓட்டையை உடனே மூடாவிட்டால் இரத்தத்திலிருந்து வேண்டாத பொருள்கள் உள்ளே வரும், காயம் பக்கத்துக்கும் பரவும். தழும்பு அதைத் தடுத்து, மிச்சமுள்ளதைக் காக்கிறது. ஆனால் அந்த இடத்தில் பார்வை இல்லை. தழும்புக் கலம் ஒளியை வாங்காது.

விழித்திரை கிழிந்து கழன்ற கண்ணில் இன்னொரு துயரமும் சேர்கிறது. விழித்திரைக்கு அடியில் கறுப்பு நிறமிக் கலங்களின் ஒரு படை உண்டு. கிழிசல் வழியே அந்தக் கலங்கள் சிதறி, கண்ணுக்குள் மிதந்து, விழித்திரையின் மேலும் கீழும் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியதும் தம் இயல்பை விட்டுவிட்டு, தோல் காயத்தில் தழும்பு போடும் கலங்களைப் போல மாறுகின்றன. முல்லர் கலங்களும் இன்னும் சில கலங்களும் கூடிச் சவ்வு போடுகின்றன. அந்தச் சவ்வு சுருங்கும். தீக்காயத் தழும்பு விரலை மடக்கி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இது விழித்திரையை மடித்து இழுத்துச் சுவரிலிருந்து பிரிக்கிறது. கழன்ற கண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இப்படி ஆகிறது. நாள் தள்ளிப் போனால் ஆபத்து கூடுகிறது. சவ்வை உரித்தெடுக்கச் சத்திரசிகிச்சை உண்டு. அது வராமல் தடுக்க நம்பிக் கொடுக்கக்கூடிய மருந்து இன்றுவரை கையில் இல்லை. பெரியப்பாவின் கண்ணில் ஒட்டியதைக் கழற்றியது அந்தச் சுருக்கம். அவருடைய உடம்பு காயத்தை ஆற்றத்தான் முயன்றது. ஆற்றிய விதம் பார்வையைப் பறித்தது.

இனி மீனுக்கு வருவோம்.

அலங்கார மீன் கடைகளில் நீலக் கோடு போட்ட, சுண்டுவிரல் நீளமுள்ள, ஒரு நிமிடமும் சும்மா இருக்காத மீன் ஒன்று விற்கிறார்கள். சீப்ரா மீன் என்பார்கள். தெற்காசிய ஆறுகளும் வயல் வாய்க்கால்களும் அதன் ஊர். கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் இதை முதன்முதல் விவரித்தார். சென்னையிலிருந்து மைசூர், கன்னடம், மலபார் வழியாகப் பயணம் செய்து பெரிய நூல் எழுதிய அதே மனிதர்தான். அப்போது அவருடைய பெயர் புகானன். அவர் குறித்துவைத்த அந்தச் சின்ன மீனை ஒன்றரை நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் மரபியல் ஆய்வுக்கு எடுத்தார். இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அது நீந்துகிறது.

இந்த மீனின் விழித்திரையைக் கடும் ஒளியாலோ நஞ்சாலோ ஊசியாலோ காயப்படுத்தினால், கோல்களும் கூம்புகளும் சாகின்றன, மீன் பார்வை இழக்கிறது. சில வாரங்களில் மறுபடி பார்க்கிறது. புதிய கலங்கள் முளைத்து, பழைய இணைப்புகளோடு சேர்ந்து, வேலை செய்யும் விழித்திரை திரும்ப வருகிறது.

அதைச் செய்வது அதே முல்லர் கலந்தான். காயம் பட்ட சில மணி நேரத்தில் அது விழிக்கிறது. நம்முடையதைப் போலவே இழைப் புரதத்தையும் கூட்டுகிறது. அந்தக் கட்டத்தில் ஆளும் மீனும் ஒன்று. ஆனால் அதற்குப் பின் மீனின் முல்லர் கலம், தான் முல்லர் கலம் என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, கருவில் இருந்த நிலைக்கு ஓரளவு திரும்புகிறது. இரண்டு நாளளவில் ஒருமுறை பிரிகிறது. பிரிந்த இரண்டில் ஒன்று தாயாக, முல்லர் கலமாகவே இடத்தில் நிற்கிறது. மற்றது பிள்ளை. அந்தப் பிள்ளைக் கலம் பலமுறை பிரிந்து பெருகி, தாயின் உடலையே கொடிக்கம்பாகப் பிடித்து ஏறி, எந்தப் படையில் கலங்கள் செத்தனவோ அந்தப் படைக்குப் போய், அங்கே என்ன குறையோ அதுவாக ஆகிறது. தாய் தன் வேலையை விடவும் இல்லை, தான் கரைந்துபோகவும் இல்லை. மரத்தில் பட்டையைப் பெறுகிற மாறிழையம் மீனின் கண்ணில் இப்படி ஒரு கலமாக நிற்கிறது.

மீனுக்கு இது ஏன் வாய்த்தது என்றால், ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்லலாம். மீன் வாழ்நாள் முழுதும் வளர்கிறது. அதன் கண்ணும் வளர்கிறது. கண் பெருக்கப் பெருக்க விழித்திரையின் ஓரத்தில் புதுக் கலங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும், முல்லர் கலங்களும் அவ்வப்போது புதுக் கோல்களைத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே விழித்திரை செய்யும் பட்டறை அங்கே ஒருநாளும் மூடப்படுவதில்லை. காயம் வந்தால் ஏற்கெனவே திறந்திருக்கும் பட்டறையில் வேலை கூடுகிறது, அவ்வளவுதான். நம் விழித்திரையில் கலம் செய்யும் வேலை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எல்லா மீனும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யப்பானின் வயல்களில் வாழும் மெடாகா மீனில் முல்லர் கலம் விழித்தாலும் எல்லா வகைக் கலத்தையும் அது திரும்பத் தருவதில்லை. 2018இல் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் அந்தக் கலத்தில் ஒரேயொரு மரபணுவை அணையவிடாமல் பிடித்துவைத்து, அதன் திறனைக் கூட்டிக் காட்டினார்கள். மீன்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு.

நியூற் என்றொரு விலங்கு இருக்கிறது. பல்லி மாதிரித் தோன்றும், ஆனால் தவளைக்கு உறவு. இலங்கையில் இல்லை, இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து மலைக்குளங்களில் அதன் இனம் ஒன்று உண்டு. அதன் விழித்திரையை முழுவதும் எடுத்துவிட்டாலும் மறுபடி வருகிறது. இங்கே முல்லர் கலத்துக்கு வேலை இல்லை, அதையும் சேர்த்து எடுத்தாயிற்று. அடியிலுள்ள கறுப்பு நிறமிக் கலங்கள் தம் கறுப்பை உதிர்த்து, பெருகி, புது விழித்திரையைக் கட்டுகின்றன. சற்று முன் பெரியப்பாவின் கண்ணில் சவ்வு போட்ட கலங்கள் என்று சொன்னேனே, அதே வகைக் கலங்கள். ஒரு விலங்கில் பார்வையைக் கட்டுகிற கலம் இன்னொரு விலங்கில் அதை இழுத்துக் கிழிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

நியூற்றின் கண்வில்லையையும் எடுத்துப் பார்த்தார்கள். யப்பானில் எகுச்சி என்ற ஆய்வாளர் 16 ஆண்டுகளில் அதே விலங்குகளிலிருந்து 18 முறை வில்லையை எடுத்தார். 18 முறையும் வந்தது, கடைசி வில்லையும் இளம் வில்லை போலவே தெளிவாக இருந்தது. 2011இல் அந்த முடிவு வெளியானது. ரோஜர் ஸ்பெரி 1940களில் செய்தது இன்னும் விசித்திரம். நியூற்றின் பார்வை நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்து மூளையில் தன் பழைய இடங்களுக்கே போய்ச் சேர்ந்தது. பார்வை வந்தது, ஆனால் தலைகீழாக. மேலே இரை இருந்தால் அந்த விலங்கு கீழே பாயும். ஆயுள் முழுதும் அது திருந்தவில்லை. வளரும் இழைக்குத் தன் வீட்டு முகவரி தெரியும் என்பது அதிலிருந்து புரிந்தது. மூளை குறித்த வேறு ஆய்வுகளுக்காக 1981இல் ஸ்பெரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. விழித்திரையை மறுபடி வளர்ப்பவர்கள் இந்த நியூற்றை மறக்கக்கூடாது. கலம் முளைத்தால் மட்டும் போதாது, சரியான இடத்தோடு சேரவும் வேண்டும்.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கும் வால் வளர்கிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படலாம். அந்தப் புதுவாலுக்குள் முதுகெலும்புக் கணுக்கள் இல்லை, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கிறது. வளர்வது எல்லாமே பழையது போல வளர்வதில்லை.

கோழிக்குஞ்சு நடுவழியில் நிற்கிறது. கருவின் ஆரம்ப நாட்களில் அதன் விழித்திரை மீளும். பொரித்த குஞ்சில், 2001இல் ஆய்வாளர்கள் ஆன்டி ஃபிஷரும் டொம் ரேயும் காட்டியபடி, காயத்துக்குப் பின் முல்லர் கலங்கள் பிரிகின்றன, ஆனால் மிகச் சிலவே நரம்புக் கலமாகின்றன. மற்றவை பாதியில் நின்றுவிடுகின்றன.

அந்தப் பாதிதான் என் பேச்சின் மையம்.

2020இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செத் பிளாக்ஷோவும் பல ஆய்வுகூடங்களும் சேர்ந்து சீப்ரா மீன், கோழி, எலி மூன்றின் முல்லர் கலங்களையும் காயத்துக்குப் பின் மணிக்கு மணி, நாளுக்கு நாள் ஒப்பிட்டு 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எந்த மரபணு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று கலம் கலமாகப் பார்த்தார்கள். மூன்று விலங்குகளும் முதல் அடியை எடுத்து வைக்கின்றன. எலியின் கலமும் விழித்து, மீன் போகும் திசையில் நகர்கிறது. பிறகு அதைத் திருப்பி அனுப்பும் ஒரு தனி ஏற்பாடு வேலை செய்து, பழைய ஓய்வு நிலைக்குக் கூட்டிப்போகிறது. அந்த ஏற்பாட்டைச் சேர்ந்த மரபணுக்களை எலியில் நீக்கியபோது சில முல்லர் கலங்கள் நரம்புக் கலங்களைத் தந்தன.

அதாவது நம் உடம்புக்கு அந்த வித்தை தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் செய்யவிடாமல் ஒரு கை பிடித்து நிறுத்துகிறது. இங்கிருந்து மாத்தளைக்குப் போகும் வழியில் அளுவிகாரை இருக்கிறது. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் பஞ்சத்திலும் போரிலும் மடிந்துபோவார்களோ என்று அஞ்சி, திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்த இடம். ஒவ்வொரு முல்லர் கலத்துக்குள்ளும் விழித்திரை செய்யும் ஏடு அப்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. முலையூட்டியில் அந்த ஏட்டைச் சுற்றிய கயிறு இறுக்கமாக முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

முடிச்சை அவிழ்ப்பது பற்றி மிக நல்ல வேலை நம் அயலில் நடந்திருக்கிறது. ராஜேஷ் ராமச்சந்திரன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானியல் கோல்ட்மனோடு இருந்தபோது, 2010இல் சீப்ரா மீனில் ஒன்றைக் காட்டினார்கள். ஓய்வாக இருக்கும் முல்லர் கலத்தில் லெட் 7 என்ற குறு ஆர்.என்.ஏ. நிறைந்திருந்து, மறுவளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்களை அடக்கி வைக்கிறது. காயம் பட்டதும் ஏ.எஸ்.சி.எல். 1ஏ என்ற மரபணு எரிகிறது, அது லின் 28 என்ற இன்னொன்றை எழுப்புகிறது, லின் 28 லெட் 7ஐ ஒழிக்கிறது. காவல்காரன் போனதும் கதவு திறக்கிறது. பிறகு அவர் பஞ்சாப் மாநிலம் மொஹாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் தன் ஆய்வுகூடத்தை அமைத்து, மாணவர்களோடு அந்த வழியை மேலும் தொடர்ந்தார். 2020இல் அங்கிருந்து வந்த கட்டுரை ஒன்று என் தொழிலுக்கு மிக நெருக்கமானது. டி.ஜி.எஃப். பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் உடம்பெங்கும் தழும்பு போட வைப்பதில் பேர்பெற்றது. மீனின் விழித்திரையில் அது ஆரம்பத்தில் கலம் பெருக உதவுகிறது, பின்னால் அதே பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது.

அழற்சியும் அப்படியே. காயத்துக்கு ஓடிவரும் பாதுகாப்புக் கலங்களை மீனில் முன்கூட்டியே அடக்கிவிட்டால் மறுவளர்ச்சி தாமதமாகிறது. சற்றுப் பின்னால் அடக்கினால் வேகமாகிறது. எலியிலோ அந்தக் கலங்களை நீக்கினால்தான் புது நரம்புக் கலங்கள் கூடுகின்றன. ஆகவே தழும்பைத் தூண்டுவதெல்லாம் கெட்டது, அதை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நினைப்பது பிழை. பால் வெட்டில் ஆழம் எப்படியோ, இங்கே வேளை அப்படி.

இந்த அறிவை வைத்து முலையூட்டியின் கண்ணில் முயன்றார்கள். சியாற்றில் நகரத்தில் டொம் ரேயின் குழு, வளர்ந்த எலியின் முல்லர் கலங்களில், மீனின் ஏ.எஸ்.சி.எல். 1ஏக்கு இணையான ஏ.எஸ்.சி.எல். 1ஐ எரியவைத்து, மரபணுப் பொதியைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தபோது, புதிய நரம்புக் கலங்கள் பிறந்து, பக்கத்துக் கலங்களோடு இணைந்து, ஒளிக்கு விடையும் தந்தன. 2017இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. 2023இல் மனித முல்லர் கலங்களிலும், வளர்ப்புத் தட்டில், அதே மரபணு நரம்புக் கலங்களை உண்டாக்கியது. வளர்ப்புத் தட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். எந்த நோயாளியின் கண்ணிலும் இது இன்னும் செய்யப்படும் வைத்தியம் இல்லை.

இதை இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைத்தொலைபேசியில் விளம்பரங்கள் வருகின்றன. மூலக்கலம் போட்டுப் பார்வை தருகிறோம் என்கிறார்கள். வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் காசு அனுப்புகிறோம், அம்மாவைக் கூட்டிப் போங்கள் என்கிறார்கள். 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழில் மூன்று மூதாட்டிகளின் கதை வந்தது. அமெரிக்காவில் ஒரு தனியார் நிலையத்தில் 5,000 டொலர் கட்டி, சொந்த வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை இரண்டு கண்களிலும் ஒரே நாளில் ஊசியால் ஏற்றிக்கொண்டார்கள். மூவருக்கும் பார்வை பறிபோனது. விழித்திரை கழன்றது, சவ்வு போட்டது. ஒழுங்கான ஆய்வு எப்படி நடக்கும் என்பதற்கு யப்பானின் கோபே நகரம் சாட்சி. 2014இல் மசாயோ தகாஹாஷியின் குழு எழுபது வயது கடந்த ஒரு பெண்ணின் தோல் கலத்திலிருந்து வளர்த்த நிறமிக் கலப் படையை அவருடைய ஒரு கண்ணில் மட்டும் வைத்தது. அடுத்த நோயாளிக்காக வளர்த்த கலங்களின் மரபணுவில் சந்தேகம் வந்தபோது அப்படியே நிறுத்தினார்கள். ஒரு கண், ஒரு நோயாளி, சந்தேகம் வந்தால் நிறுத்தல். இப்படிச் செய்கிறவர்களிடம் மட்டுமே கண்ணைக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வியும் என்னிடம் அடிக்கடி வருகிறது. இலங்கையில் கண் தானம் செய்யாத ஊர் இல்லை. ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தான சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண் அனுப்புகிறது. சிபிச் சக்கரவர்த்தி கண்ணைக் கொடுத்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த சிங்களச் சகோதரரும், கண்ணப்பர் கதையைக் கேட்டு வளர்ந்த நாமும் அதில் பெருமைப்படலாம். "அந்தக் கண்ணை வைத்துப் பெரியப்பாவுக்குப் பார்வை கொடுத்திருக்க முடியாதா?" என்று கேட்கிறார்கள். முடியாது. தானமாக வரும் கண்ணிலிருந்து எடுத்து வைப்பது முன்பக்கத்துத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தை மட்டும். விழித்திரை 10 இலட்சம் இழைகளால் மூளையோடு கட்டப்பட்டது. அதை அறுத்து இன்னொருவரில் ஒட்ட வழியில்லை. அதனால்தான் உள்ளேயே முளைக்கவைப்பதைப் பற்றி இத்தனை பேர் இத்தனை வருடம் உழைக்கிறார்கள்.

தழும்பைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், தினமும் கிளினிக்கில் செய்கிற வேலை தழும்பு போடுவதுதான். இதையும் சொல்லாவிட்டால் பேச்சு நேர்மையாக இராது.

கழன்ற விழித்திரையைக் குணப்படுத்தவே முடியாது என்றிருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து ஜூல் கோனின், கழலுவதற்குக் காரணம் கிழிசல்தான், அதை மூடினால் போதும் என்றார். 1920களில் சுட்ட ஊசியால் கிழிசலின் இடத்தைச் சுட்டு, தழும்பால் மூடினார். பிறகு ஜேர்மனியில் கேர்ட் மையர் ஷ்விக்கெராத், 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரை சுட்டுக்கொண்டவர்களைக் கண்டு, அந்தச் சூட்டையே மருந்தாக்கலாம் என்று யோசித்தார். ஆஸ்பத்திரிக் கூரையில் கண்ணாடி வைத்துச் சூரிய ஒளியைக் கண்ணுக்குள் குவித்தார். இன்று அந்த இடத்தில் லேசர் இருக்கிறது. கிழிசலைச் சுற்றி மூன்று வரிசை புள்ளி வைத்தால், ஒவ்வொரு புள்ளியும் சில நாட்களில் தழும்பாகி, விழித்திரையைச் சுவரோடு தைத்துவிடும். சீனி வருத்தம் முற்றி, கண்ணுக்குள் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைக்கும்போதும், விழித்திரையின் ஓரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் சுடுகிறோம். கடும் பார்வையிழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1970களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஓரப் பார்வையிலும் இரவுப் பார்வையிலும் கொஞ்சம் கொடுத்து, நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறோம். சீனி உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொருமுறை கண்ணின் உட்புறத்தைக் காட்டிப் பாருங்கள். மின்னல், சாம்பல், ஓரத்திலிருந்து நிழல், இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே வெளிக்கிடுங்கள். தீபாவளி முடியட்டும் என்று வைக்காதீர்கள்.

பெரியப்பாவின் வலது கண்ணுக்கு வருகிறேன். இடது கண் அணைந்த பிறகு வலது கண்ணைச் சோதித்தபோது அங்கேயும் ஓரத்தில் ஒரு சிறு கிழிசல் இருந்தது. கழலவில்லை. அன்றே லேசர் வைத்துவிட்டார்கள். பல வருடம் கழித்து, நான் கண் வைத்தியம் படித்து முடித்து, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, என்னிடமிருந்த வில்லையைப் பிடித்து அந்தக் கண்ணுக்குள் பார்த்தேன். கிழிசலைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள், ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும், மூன்று வரிசை. யாரோ முகம் தெரியாத ஒரு வைத்தியர் ஆழம் பார்த்து, அளவு பார்த்து வைத்த தழும்புகள்.

"என்ன புள்ள தெரியுது உள்ள?" என்றார்.

வெட்டு நல்லா விழுந்திருக்கு பெரியப்பா, கட்டையில படல என்றேன். அவருக்குப் புரிந்தது. அந்தக் கண்ணால் அவர் கடைசி வரை பேப்பர் படித்தார்.